ஏட்டுக்கும் பாட்டுக்கும் இடையே: தமிழகத்தில் இறையியலும் கலையும் கூடிய கல்விக்கூடங்கள்

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கிறித்தவ இறையியலும் கலைகளும் ஒருங்கே கற்பிக்கப்படுவது அண்மைக்காலப் புதுமையாகப் பேசப்படுகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல், கற்பனை, கலைகள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கு இளம் இசையமைப்பாளர் ஒருவரையும் இறையியல் ஆய்வாளர் ஒருவரையும் இணையாகச் சேர்த்து, விவிலியப் பகுதியொன்றைப் பயின்று புதிய பாடல் அமைக்கச் செய்யும் முயற்சியும் நடந்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி, அந்நகரின் தேசிய ஓவியக் கூடத்தோடு கைகோத்துக் கிறித்தவமும் கலைகளும் பற்றிய முதுகலைப் படிப்பை அமைத்தது.

இத்தகைய கூட்டுறவு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. மூன்று நூற்றாண்டுகளாக இங்குள்ள சமயக் கல்விக்கூடங்கள் புலவரையும் பாடகரையும் நாடி வந்திருக்கின்றன. புலவரும் பாடகரும் அக்கல்விக்கூடங்களால் வளர்ந்தும் இருக்கின்றனர். ஆயினும் அவ்வுறவு அமைதியாக நடந்த உறவன்று. கலை வேண்டும் என்பதில் இரு தரப்பும் பெரும்பாலும் ஒத்தே இருந்தன. யாருடைய கலை என்ற வினா எழுந்தபோதெல்லாம் கருத்து மோதலும் பிரிவும் நேர்ந்தன. அவ்வினாவின் வரலாற்றைத் தரங்கம்பாடி தொடங்கி மதுரை அரசரடி வரை தொடர்ந்து காண்பது, யாப்பையும் மெட்டையும் கையாளும் கவிஞர்க்குப் பயன் தருவதாகும்.

ஹாலேயும் தரங்கம்பாடியும்

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவியிருந்த கல்வி நிலையங்கள் அவர்கள் பணிக்குப் பின்புலமாயின. அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துகளும் நூல்களும் ஆசிரியர்களும் கடல் கடந்து வந்தனர். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. உள்நாட்டு உபதேசியாரைப் பயிற்றும் பள்ளி 1716இல் தொடங்கிற்று. ஹாலேக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஓயாது சென்று வந்த கடிதங்களை நோக்கும்போது, ஐரோப்பியக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கும் தமிழகத்துக்கும் இடையே நிலைத்த முதற்பெரும் அறிவுத் தொடர்பு இதுவே எனலாம்.

இக்கூட்டுறவு இரு பக்கமும் ஒத்த எடையுடையதாக இல்லை. சீகன்பால்கு தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். தாம் திரட்டிய நூல்களுக்கு 1708இல் விளக்கப் பட்டியல் ஒன்றும் வரைந்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் மரபு பற்றி 1713இல் அவர் எழுதிய பெருநூலை ஹாலே அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர், அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பதே அங்கிருந்தோர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. தமிழர்க்குக் கற்பிக்க ஆர்வம் கொண்ட ஹாலே, தமிழரிடம் கற்க அத்துணை ஆர்வம் காட்டவில்லை.

வழிபாட்டுப் பாடலிலும் இந்நிலையே புலப்பட்டது. ஜெர்மன் மெட்டுகள் அப்படியே வந்தன. சொற்கள் மட்டும் தமிழாயின. குறிலும் நெடிலும் தமக்குரிய அளவில் ஒலித்தாலன்றித் தமிழ்ச் செய்யுள் தன் ஓசையை இழந்துவிடும். அயல்மெட்டின் அசைக்கணக்குக்குள் தமிழ்ச்சொல்லை அடைத்தபோது, குறில் நீண்டது, நெடில் குறுகியது. பொருள் புரிந்தாலும் செவி ஒப்பவில்லை. ஞானப்பாட்டு என்று இன்றும் வழங்கும் பாடல் மரபு இவ்வாறு தோன்றியதே.

அதே காலத்தில் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் வேறு வழியில் சென்றார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி தமிழ்க் காப்பிய மரபின் விருத்தத்திலேயே எழுந்தது. ஆயின் அது தமிழ்ப் புலமையில் தோய்ந்த தனியொருவரின் சாதனை. ஒரு கல்விக்கூடம் இறையியலையும் தமிழ்க் கலையையும் ஒருங்கே ஊட்டி ஒரு தமிழ்க் கவிஞரை உருவாக்குவதைக் காண, தமிழகம் மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே ஆசானின் இரு மாணவர்

ஹாலேயில் பயின்ற சுவார்ட்ஸ் 1750இல் தமிழகம் வந்தார். பின்னாளில் தஞ்சையில் நிலைத்து 1798இல் அங்கேயே மறைந்தார். அவருடைய பாதுகாப்பில் வளர்ந்த இருவர் தமிழகக் கலை வரலாற்றில் இடம் பெற்றனர். ஒருவர், 1798இல் அரியணை ஏறிய மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. மற்றவர், திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்ட வேதநாயக சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவரின் வேறானவர் என்பதை இளைய வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

சாஸ்திரியார் தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் விவிலியம், இறையியல், வானியல், நிலவியல் ஆகியவற்றைக் கற்றார். பின்னர்த் தஞ்சையில் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானார். பள்ளியில் பெற்ற கல்வியை அவர் உரைநடைப் பாடமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, அக்காலத்தில் மக்கள் பெரிதும் விரும்பிய நாடக வடிவத்தை எடுத்துக்கொண்டது. தலைவன் உலா வருதலும், தலைவி காதல் கொள்ளுதலும், குறத்தி குறி சொல்லுதலும், சிங்கன் சிங்கியைத் தேடுதலும் குறவஞ்சியின் உறுப்புகள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் தலைவன் குற்றாலநாதர். சாஸ்திரியாரின் நூலில் தலைவர் இயேசு கிறிஸ்து. அவர்பால் காதல் கொள்ளும் சீயோன் மகளுக்குத் தேவமோகினி என்பது பெயர். கோபர்னிக்கஸ் வழிவந்த வானியலும் புதிய உலக நிலவியலும் அதே நாடகத்தில் இசையோடு இடம்பெற்றன.

சரபோஜி மன்னரும் மராத்தி மொழியில் தேவேந்திர குறவஞ்சி என்ற நாடகத்தை இயற்றினார். அதிலும் குறத்தி உலக நிலவியலைச் சொல்கிறாள். ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்த இருவரில், ஒருவர் கிறித்தவராய்த் தமிழிலும் மற்றவர் இந்து மன்னராய் மராத்தியிலும், கற்ற புதிய அறிவைக் குறத்தியின் வாயில் வைத்துப் பாடியுள்ளனர். இவ்விரு நாடகங்களுக்கும் இடையேயுள்ள இவ்வுறவை ஆய்வாளர் இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். மலைவளமும் நாட்டுவளமும் பாடுவது குறத்திக்கு மரபு. ஆகவே உலகப் படத்தைப் பாட அவளினும் பொருத்தமான பாத்திரம் கிடைத்திராது. புதுப்பொருள் பழைய வடிவத்துள் வலிந்து நுழைக்கப்படவில்லை. வடிவமே அதற்குக் கதவு திறந்து வைத்திருந்தது.

சுவார்ட்ஸின் நினைவாகச் சரபோஜி, ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்று செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் அமைத்தார். இறக்கும் நிலையில் கிடக்கும் ஆசானின் அருகே மன்னர் நிற்பதை அது காட்டுகிறது. தஞ்சைக் கல்விக் கூட்டுறவுக்குக் கல்லில் நின்ற சான்று அது. சொல்லில் நின்ற சான்று, குறவஞ்சிகள்.

பாட்டைக் காத்தவரும் வேலியைக் காத்தவரும்

சுவார்ட்ஸுக்குப் பின் வந்த தலைமுறை மிஷனரிமார் வேறு மனப்பாங்கினர். 1820களில் தஞ்சைத் திருச்சபையில் அவர்கள் மாற்றங்கள் கொண்டுவர முனைந்தனர். சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த வேளாளக் கிறித்தவரும் அவற்றை எதிர்த்து முறையீடு எழுதினர். அவர்கள் கொடுமைகள் எனக் குறிப்பிட்டவை நான்கு: பழகிய விவிலிய மொழிபெயர்ப்பை நீக்கிப் புதியதைப் புகுத்தியது, சாதி வேறுபாட்டை விட்டு ஒன்றாகக் கலக்குமாறு வற்புறுத்தியது, மணவிழாவிலும் இறுதிச் சடங்கிலும் மலர்களை விலக்கியது, தமிழ் இசையைத் தடுத்தது. தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்க காலத்தை ஆராய்ந்த டென்னிஸ் ஹட்சன் இம்முறையீட்டை விரிவாக ஆய்ந்துள்ளார்.

இந்நான்கையும் ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய வாசகர் திகைப்பது இயல்பு. மலரையும் இசையையும் மீட்க எழுந்த குரலுக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது. அதே குரல், ஒடுக்கப்பட்ட மக்களோடு சரிநிகராக அமர மறுக்கிறது. எதிர்த்தரப்பின் நிலையும் இவ்வாறே இரண்டுபட்டது. ஆண்டவன் முன் சாதி வேண்டா என்றவரே தமிழ் இசை புறச்சமயத்தது என்றும் கருதினர். சாதியை விலக்கியவர் பண்பாட்டையும் சேர்த்தே விலக்கினர். பண்பாட்டைக் காத்தவர் சாதியையும் சேர்த்தே காத்தனர்.

இதனைச் சாஸ்திரியாரின் தனிக்குறை என்று ஒதுக்கிவிடலாகாது. அவர் கையாண்ட இசையும் யாப்பும் அவைக்குரியவை; கற்றோர் அரங்கில் வளர்ந்தவை. அவற்றைப் பயிலும் வாய்ப்பு ஒரு சில சாதியினர்க்கே அன்று கிட்டியது. ஒரு கலைவடிவம் வழிபாட்டுக்குள் வரும்போது, அதனைப் பயிலத் தகுதியுடையோர் இன்னார் என்ற பழைய வழக்கும் உடன் வந்துவிடுகிறது. தரங்கம்பாடியில் இறையியல் அயல்மெட்டோடு வந்தது. தஞ்சையில் தமிழ் மெட்டோடு நின்றது. இரண்டிடத்தும் பறையடிக்கும் கைகளுக்கு இடம் இருக்கவில்லை.

பூசலின் முடிவில் சாஸ்திரியார் மிஷன் பணியை இழந்தார். திருச்சபை தாங்காத கிறித்தவக் கவிஞரை இந்து மன்னரின் அவை தாங்கியது. 1832இல் சரபோஜி மறைந்தார். அடுத்த ஆண்டு பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாட்டை முற்றிலும் விட்டொழிக்க வேண்டுமென ஆணையிட்டார். தஞ்சைக் கிறித்தவருள் பலர் அதனை ஏலாது விலகி நின்றனர். சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார்.

கீர்த்தனைகளும் தமிழாசிரியரும்

காலம் செல்லச் செல்ல, தடுக்கப்பட்ட இசையையே திருச்சபைகள் தேடி வந்தன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் நூலாக வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. ஒரு மிஷன் துரத்திய இசையை மற்றொரு மிஷன் ஏட்டில் ஏற்றி, ஊர்தோறும் கொண்டு சென்றது. எல்லாச் சாதியினரும் கூடிய சபைகளில் அக்கீர்த்தனைகள் பாடப்பட்டன. ஈரோட்டில் பணியாற்றிய எச்.ஏ. பாப்லி, எல்.ஐ. ஸ்டீபனுடன் சேர்ந்து இசைவழி நற்செய்திப் பணிக்குரிய கையேடு ஒன்றை 1914இல் வெளியிட்டார். 1921இல் இந்திய இசை பற்றிய நூலையும் எழுதினார். மிஷனரி தமிழ் இசைக்கு மாணவராக அமர்ந்த காலம் அது.

இலக்கியத்திலும் இத்தகைய உறவு தழைத்தது. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, கிறித்தவராவதற்கு முன்பே சாயர்புரத்து மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். கம்பனிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் தோய்ந்த புலமையை அக்கல்விக்கூடம் நாடியது. அங்குப் பெற்ற சமயத் தொடர்பு அவர் வாழ்வையே திருப்பியது. 1858இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஆங்கில உரைநடைக் கதை விருத்தக் காப்பியமாக மாறியதற்கு, தமிழாசிரியரும் இறையியல் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் பணிபுரிந்த சூழலும் ஒரு காரணம் எனில் மிகையாகாது.

இவ்வளவு செழிப்பிலும் பழைய வினா ஆறவில்லை. கீர்த்தனைக்கு இராகமும் தாளமும் வேண்டும். காப்பியத்துக்கு இலக்கணப் பயிற்சி வேண்டும். சபையில் அமர்ந்திருந்தோருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளர். வயலில் நடவுப்பாட்டும் வீட்டில் தாலாட்டும் சாவில் ஒப்பாரியும் பாடிய அவர்கள், கோயிலுக்குள் வந்தவுடன் வேறொருவர் பாட்டைப் பயில வேண்டியவராயினர்.

அரசரடியில் ஒலித்த பறை

1969இல் சி.எஸ்.ஐ., லுத்தரன் திருச்சபைகளின் கூட்டு முயற்சியால் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாயிற்று. தமிழிலேயே இறையியலைக் கற்பிக்க முனைந்த நிறுவனம் என்பதால் கலைக்கு அங்கு இயல்பாகவே இடமிருந்தது. ஆசிரியராயிருந்த தாமஸ் தங்கராஜ் கர்நாடக இசையில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். அதே கல்லூரியில் ஆசிரியரான தியோபிலஸ் அப்பாவு, இசையின் திசையையே மாற்றினார். பரட்டை என்ற புனைபெயரால் மாணவரிடையே அறியப்பட்ட அவர், 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். தலித் இறையியலாளர், பாடலாசிரியர்.

அப்பாவு முன்வைத்த கருத்து எளியது; ஆழமானது. செவ்வியல் இசை இயற்றியவரின் பெயரோடும் எழுதிய வடிவோடும் உறைந்து நிற்பது. பாடுவோர் அதனை மாற்றலாகாது. நாட்டுப்புறப் பாடலோ பாடுவோர் ஒவ்வொருவராலும் மீண்டும் படைக்கப்படுவது. தம் பாட்டைத் தாமே மாற்றும் உரிமையுடைய மக்கள் தம் இறையியலையும் தாமே உருவாக்க வல்லவர். ஆதலின் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவருவதை, மக்களை ஈர்க்கும் உத்தியாக மட்டும் அவர் கொள்ளவில்லை. மக்களின் படைப்புரிமையை ஏற்பதாகவே கொண்டார். நாட்டுப்புற மெட்டுகளில் முழு வழிபாட்டு முறை ஒன்றையே அவர் அமைத்தார். இறைவனை ஆண்பாலில் மட்டும் விளியாமல், தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாகிய பெற்றவர் என்னும் நிலையில் விளித்தார். பலரும் ஒரே உலையில் சமைத்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். உடன் உண்ணாமையே சாதியின் உயிர்நிலை என்பதால் அவ்விளக்கம் அடித்தளத்தையே தொட்டது.

1990களில் அக்கல்லூரியைச் சார்ந்து நடந்த தலித் கலை விழாக்களில் பறை முழங்கியது. இதனை எல்லோரும் உடனே வரவேற்றனர் என்று எண்ணுவது தவறு. சாவுக்கு அடிக்கும் இழிதொழிலாகப் பறை எம்மீது சுமத்தப்பட்டது. அதை விட்டு விடுதலை பெறவே கல்வியும் கீர்த்தனையும் நாடினோம். மீண்டும் அதையே கையில் தருவதோ என்று ஒடுக்கப்பட்ட கிறித்தவருள்ளும் கேட்டவர் உண்டு. அவ்வினா புறந்தள்ளத் தக்கதன்று. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது. விரும்பி எடுக்கும் கையில் அதே கருவி மாண்பு பெறும் என்பது மறுதரப்பின் விடை. இவ்விவாதமே ஒரு கல்லூரி வகுப்பறைக்குள் நடந்தது என்பதுதான் வரலாற்றில் புதியது. 1820களில் முறையீடுகளாகவும் ஆணைகளாகவும் வெடித்த சிக்கல், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பாடமாகவும் பாட்டாகவும் மாறியது. அமெரிக்க இசையியல் ஆய்வாளர் ஜோயி ஷெரினியன், அப்பாவுவின் பணியை நெடுங்காலம் உடனிருந்து ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்டார். தமிழர் கலையறிவை அச்சிட மறுத்த ஹாலேயின் காலத்தோடு ஒப்பிட்டால், இங்கிருந்து கற்கும் நோக்கோடு வெளியுலகம் வந்தது எத்துணை மாற்றம் என்பது விளங்கும்.

கத்தோலிக்கர் தரப்பிலும் இணையான முயற்சிகள் நடந்தன. திருச்சிராப்பள்ளியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, பரதத்தையும் இசையையும் கற்பித்து, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, மக்கள் கலைகளைத் தொகுத்தும் ஆராய்ந்தும் பெயர் பெற்றது. ஒன்று செவ்வியல் கலையையும் மற்றொன்று மக்கள் கலையையும் கல்விக்குள் கொண்டுவந்தன. இரு வழிகளும் ஒரே காலத்தில் இயங்கியமை, யாருடைய கலை என்ற வினா ஒரே விடையில் அடங்காது என்பதற்குச் சான்றாகும்.

நிறைவாக

இவ்வரலாற்றில் வந்த கூட்டுறவுகள் தம்முள் வேறுபட்டவை. ஹாலே தந்ததை விடக் குறைவாகவே பெற விரும்பியது. தஞ்சை, புதிய அறிவைத் தமிழ் வடிவத்தில் மலரச் செய்தது. ஆனால் அவ்வடிவத்தோடு வந்த வேலியைக் காணவில்லை. சாயர்புரம் புலமைக்கு மதிப்பளித்தது. அரசரடி, பாடுவோரே படைப்போர் என்று ஏற்றது. ஒவ்வொன்றும் முன்னதன் குறையை உணர்த்தியதேயன்றி முன்னதை அழித்துவிடவில்லை. இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் நாட்டுப்புற மெட்டும் அருகருகே வாழ்கின்றன.

வடிவம் வெறும் பாத்திரம். எப்பொருளையும் அதில் ஊற்றலாம் என்று கவிஞர் சிலர் கருதுவதுண்டு. குறவஞ்சியின் வரலாறும் பறையின் வரலாறும் அக்கருத்தை மறுக்கின்றன. வடிவத்துக்கு நினைவு உண்டு. அதனை யார் பயின்றார், யார் பயில மறுக்கப்பட்டார் என்ற செய்தி அதன் ஓசைக்குள்ளேயே உறைகிறது. அச்செய்தியை அறிந்து எடுப்பவர் கையில் அது புதுப்பொருளுக்கு இடம் தருகிறது. அறியாது எடுப்பவரைப் பழைய வேலிக்குள்ளேயே கொண்டு சேர்க்கிறது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் வெண்பாப் பாடுவோரும் புதுக்கவிதை எழுதுவோரும் நாட்டுப்பாடல் தொகுப்போரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றனர். சாஸ்திரியாரின் குறத்தி உலகத்து ஊர்களையெல்லாம் பாடினாள். தன் காலத்துச் சேரியைப் பாடவில்லை. அவள் விட்ட இடத்தைப் பாடுதற்கு இன்றும் கவிஞர் தேவைப்படுகின்றனர்.